18446744073709551615 பகா எண்ணா? கணினி இல்லாமல் உடைத்துப் பார்க்கலாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். நிரலில் −1 வர வேண்டிய இடத்தில் 18446744073709551615 என்று வருகிறது. "இது 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண், அதனால் மெர்சென் பகா எண்" என்று நண்பர் சொல்கிறார். அது சரியா, இவ்வளவு பெரிய எண்ணுக்குக் கணினி இல்லாமல் காரணி காண வழி உண்டா, இது பகா எண் இல்லையென்றால் பக்கத்தில் வேறு ஏதாவது பகா எண் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடிப்படையில் ஒன்றுதான்: 20 இலக்க எண் ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எண் கோட்பாட்டைப் பல வருடங்கள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நிரலின் எந்த வரியில் பிசகு என்பதை நிரலைப் பார்க்காமல் சொல்ல முடியாது, அதற்குள் போகவில்லை.

முதலில் நண்பரின் வாதம். எண் 5-இல் முடிகிறது, ஆகவே 5-ஆல் வகுபடும். பகா எண் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது, ஆகவே 3-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இத்தோடு அந்த வாதம் முடிந்தது. ஆனால் நண்பர் எங்கே தடுமாறினார் என்பதையும் பார்க்க வேண்டும். இது 2⁶⁴−1 என்பது சரிதான். ஆனால் 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்க வேண்டுமானால் அந்த அடுக்கே பகா எண்ணாக இருக்க வேண்டும். அடுக்கு இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால் எண்ணும் கூடவே உடைந்துவிடும். 64 என்பது பகா எண் இல்லையே! அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது: 2¹¹−1 = 2047 = 23 × 89. பிரெஞ்சுத் துறவியும் கணிதருமான மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலேயே இந்தக் குழப்பம் உண்டு. 2⁶⁷−1 பகா எண் என்று அதில் சேர்த்திருந்தார், அது தவறு. 2⁶¹−1-ஐ விட்டுவிட்டார், அது உண்மையில் பகா எண்.

−1 ஏன் இப்படி மாறி வருகிறது? 64 பிட்டில் எண்களை வைத்திருக்கும் இயந்திரம் 2⁶⁴-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் −1-உம் 2⁶⁴−1-உம் ஒரே எண்தான். இரும முறையில் எழுதினால் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையைக் குறி உள்ள எண்ணாகப் படித்தால் −1, குறி இல்லாத எண்ணாகப் படித்தால் நீங்கள் பார்த்த அந்த நீளமான எண். அது −1 போலவே நடந்துகொள்ளவும் செய்யும்: அதை அதனாலேயே பெருக்கி 2⁶⁴-ஆல் வகுத்தால் மீதி 1.

சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போகும் கதையில் கடைசியில் வரும் மொத்தமும் இதே எண்தான். 1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா வெளியிட்ட ஹனாய் கோபுரப் புதிரில் 64 தட்டுகளை நகர்த்தத் தேவையான குறைந்தபட்ச அடிகளும் இதுவே. நொடிக்கு ஓர் அடி என்றால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டு ஆகும். எண்ணின் அளவு புரிய இதெல்லாம் உதவும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உதவாது.

சரி, காரணிகள். பள்ளியில் படித்த வர்க்க வித்தியாசச் சூத்திரமே போதும். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴−1 = (2³²−1)(2³²+1). இடது பக்கத்து அடைப்பை அதே மாதிரி மறுபடி உடைக்கலாம், அதையும் மறுபடி உடைக்கலாம். கடைசியில் கையில் நிற்பவை: 2+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1, 2³²+1. அதாவது 3, 5, 17, 257, 65537, 4294967297. 20 இலக்க எண் ஐந்து வரியில் ஆறு துண்டாகிவிட்டது. எந்த வகுத்தலும் செய்யவில்லை, கவனித்தீர்களா?

2-இன் அடுக்கு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போக, அதோடு ஒன்று கூட்டி வருபவை ஃபெர்மா எண்கள்; இந்த ஆறும் அந்த வரிசையின் முதல் ஆறு உறுப்புகள். முதல் ஐந்தும் பகா எண்கள். 65537-க்கு அதைச் சரிபார்க்க 256 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஓர் ஓய்வு நேர வேலை. இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள் என்று பியர் த ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார், நிரூபிக்கவில்லை. ஆறாவதாக நிற்கும் 4294967297-ஐ 1732-இல் ஆய்லர் உடைத்தார். எப்படி உடைத்தார் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான உண்மையான பதில். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

ப என்ற பகா எண் 2³²+1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ப-ஆல் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1. 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி மீதிகளைப் பார்த்துக்கொண்டே போனால் 64-ஆவது படியில்தான் முதன்முறையாக 1 வரும். அதற்கு முன் வந்திருந்தால் அந்தப் படியின் எண் 64-ஐ வகுக்க வேண்டும். 64-ஐ வகுக்கும் சிறிய எண்கள் எல்லாமே 32-ஐயும் வகுக்கும். அப்போது 32-ஆவது படியிலும் 1 வந்திருக்க வேண்டும். வந்ததோ −1. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி ப−1 ஆவது படியில் மீதி 1 வந்தே தீரும். ஆக, ப−1 என்பது 64-இன் மடங்காக இருக்க வேண்டும். ஆய்லர் நின்ற இடம் இது. அவர் பார்க்க வேண்டியிருந்த பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது எண்ணிலேயே அகப்பட்டுவிட்டது.

சரிபார்ப்போம். 6700417-ஐ 600 மடங்கு எடுத்தால் 4020250200, 40 மடங்கு 268016680, ஒரு மடங்கு 6700417. மூன்றையும் கூட்டினால் 4294967297. ஆக 641 × 6700417.

பெருக்காமலேயே இதைப் பார்க்க இன்னொரு வழி உண்டு. 641 = 5 × 128 + 1; அதே 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ தரும் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம். போட்டால் −2³² தரும் மீதி 1. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது. வகுப்பில் இதைப் பலகையில் எழுதினால் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் "641 என்று முன்னாலேயே எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான், அதனால்தான் ஆய்லரின் வழியை முதலில் சொன்னேன். இந்த அழகான வழி விடை தெரிந்த பிறகுதான் உதவும்.

இப்போது 6700417 மேலும் உடையுமா என்று பார்க்க வேண்டும். இங்கே லூக்கா கூர்மையாக்கிய ஒரு முடிவு கை கொடுக்கும்: ப−1 என்பது 64-இன் மடங்கு மட்டுமல்ல, 128-இன் மடங்கும்கூட. 6700417-இன் வர்க்கமூலம் 2589-ஐவிடக் குறைவு. அந்த எல்லைக்குள் 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்கள் மொத்தம் 20. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்துதான். 257-ஐத் தள்ளிவிடலாம், அது 2³²−1-ஐ வகுக்கிறது, அதே எண் 2³²+1-ஐயும் வகுத்தால் இரண்டின் வித்தியாசமான 2-ஐயும் வகுக்க வேண்டியிருக்கும். மிச்சம் நான்கு வகுத்தல். 641-ஆல் வகுத்தால் மீதி 44, 769-ஆல் 120, 1153-ஆல் 334, 1409-ஆல் 622. எதுவும் பூஜ்யம் இல்லை. ஆக 6700417 பகா எண். 70 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓர் எண்ணை நான்கே வகுத்தலில் பகா எண் என்று முடிவு கட்டிவிட்டோம்.

முழு விடை: 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

ஒரு எச்சரிக்கை. இதை மின் அட்டவணை நிரலில் போட்டுச் சரிபார்க்காதீர்கள். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையும் இதை 18446744073709552000 என்று காட்டும். உள்ளே அது வைத்திருப்பது உங்கள் எண்ணை அல்ல, அதற்கு அடுத்த 2⁶⁴-ஐ. ஒற்றை எண் இரட்டை எண்ணாகிவிட்ட பிறகு அதில் வகுபடும் தன்மையைத் தேடுவது வீண். பைத்தானில் முழு எண்ணாகவே வைத்திருந்தால் பிரச்சினை இல்லை.

காரணிகள் கையில் வந்துவிட்டால் மற்ற பண்புகள் தாமாகவே வரும். ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம்; ஆகவே வகுத்திகள் 2⁷ = 128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைவு, சுமார் 0.70 மடங்கு, அந்தக் கூட்டுத்தொகை தனக்கே சமமாக வரும் நிறைவெண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் வர்க்க எண்ணாக இருக்க வாய்ப்பில்லை. முக்கோண எண்ணும் (1, 1+2, 1+2+3 என்று கூட்டிக்கொண்டே போனால் வருவது) இல்லை, அதன் பின்னணியில் ராமானுஜன் இருக்கிறார். 2-இன் அடுக்கில் 7-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்க எண் வரும் என்று 1913-இல் அவர் ஒரு கேள்வி எழுப்பினார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகிய ஐந்து இடங்களில் மட்டுமே என்று 1948-இல் நார்வே கணிதர் நாகெல் நிரூபித்தார். அதை 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த முக்கோண எண்களுக்கு மாற்றி எழுதினால் 0, 1, 3, 15, 4095 மட்டுமே தேறும்.

இந்த அளவுள்ள எண்ணுக்கு ஏழு பகாக் காரணிகள் என்பது வழக்கமா? ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் காட்டியபடி, ஓர் எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அந்த எண்ணுடைய இயல் மடக்கையின் இயல் மடக்கையை ஒட்டியே இருக்கும். இங்கே அது 3.8 அளவில் வருகிறது. ஏழு என்பது அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அடுக்கு 64 ஆனதால்தான் இவ்வளவு துண்டுகள்.

எனக்குப் பிடித்த பண்பு வேறொன்று. ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வோர் எண்ணும் அதற்கு மேலுள்ள இரண்டின் கூட்டல் என்று அமையும் பாஸ்கல் முக்கோணத்தை எடுத்து, ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 என்று மாற்றி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் 32 வரிகள் தருபவை சரியாக 2³²−1-இன் 32 வகுத்திகள். அடுத்த வரி 4294967297. 64-ஆவது வரி முழுக்க ஒன்றுகள். அதுதான் உங்கள் எண்.

அந்த 32 வகுத்திகளுக்கு வடிவியலிலும் ஒரு வேலை இருக்கிறது. 17 பக்க ஒழுங்கு பலகோணத்தைக் கவராயமும் அளவு குறிக்காத அளவுகோலும் கொண்டே வரையலாம் என்று காஸ் 1796-இல் கண்டார். எந்தெந்தப் பலகோணங்களை அப்படி வரையலாம் என்பது 1837-இல் வான்ட்ஸெல் கொடுத்த நிரூபணத்தோடு முழுமையடைந்தது: பக்க எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். ஆகவே 1-ஐ விட்டுவிட்டால் மிஞ்சும் 31 வகுத்திகளே, ஒற்றைப் பக்கங்கள் கொண்டு வரையத் தெரிந்த எல்லாப் பலகோணங்களும். உங்கள் எண்ணைப் பக்க எண்ணிக்கையாகக் கொண்ட பலகோணத்தை அப்படி வரைய முடியாது. 641-உம் 6700417-உம் ஃபெர்மா எண்ணின் காரணிகள். அவையே ஃபெர்மா எண்கள் அல்ல.

இதுவரை சொன்னது எல்லாம் நிரூபிக்கப்பட்டது. இதற்கு ஓரடி வெளியே கால் வைத்தாலே நிலம் ஆட ஆரம்பிக்கும். 65537-க்கு மேல் ஃபெர்மா பகா எண் இல்லை என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள், நிரூபணம் கிடையாது. ஃபெர்மா எண்களை 0-லிருந்து எண்ணுவது வழக்கம். உங்கள் 4294967297 அதில் ஐந்தாம் எண். ஐந்திலிருந்து 32 வரை எல்லாம் பகு எண்கள் என்பது உறுதி. 33-ஆவது என்னவென்று இன்னும் தெரியாது. 20-ஆவதும் 24-ஆவதும் பகு எண்கள் என்று தெரியும், ஆனால் அவற்றின் ஒரு காரணிகூட இதுவரை அகப்படவில்லை. உடையும் என்று தெரிந்தும் எங்கே உடையும் என்று தெரியாத நிலை இது. 2⁶⁷−1-உம் இப்படித்தான் கிடந்தது: பகு எண் என்று லூக்கா 1876-இல் காட்டினார், ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் காரணிகளைச் சொன்னார். அதேபோல், உங்கள் எண்ணில் எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வரவில்லை என்று கண்ணால் பார்த்தோம். எல்லா ஃபெர்மா எண்களும் அப்படித்தானா என்பது திறந்த கேள்வி.

"பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பார்களே, இது இவ்வளவு சுலபமாக இருக்கிறதே?" என்று தோன்றலாம். பக்கத்து எண்ணை முயன்று பாருங்கள். 2⁶⁴+1 = 18446744073709551617. உங்கள் எண்ணைவிட இரண்டே கூடுதல், இலக்க எண்ணிக்கையும் அதேதான், ஆனால் வர்க்க வித்தியாசச் சூத்திரம் இங்கே கதவைத் திறக்காது. இதன் பகாக் காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவத்தில் இருக்கும். சிறியது 274177, அந்த வரிசையில் 1071-ஆவது. மற்றது 67280421310721. தாமஸ் கிளாசன் 1855-இல் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் காரணிகளைச் சொல்லியிருந்தார். அது வெளியே தெரியாமலேயே இருக்க, ஃபோர்த்துனே லாந்த்ரி தன் 82-ஆவது வயதில், 1880-இல், தனியாக அதே விடையைக் கண்டுபிடித்தார். 4294967297 உடைந்த பிறகு அடுத்த எண்ணுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது. எண் பெரிதா சிறிதா என்பதைவிட அது எந்தச் சூத்திரத்திலிருந்து பிறந்தது என்பதே கடினத்தைத் தீர்மானிக்கிறது. சூத்திரமே இல்லாத 20 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, கையால் உடை என்றால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக, பக்கத்தில் பகா எண். இந்த அளவில் இரண்டு பகா எண்களுக்கு இடையே சராசரி இடைவெளி 44. 2⁶⁴-க்குக் கீழே மிக அருகில் இருப்பது 2⁶⁴−59, அதாவது 18446744073709551557. மேலே மிக அருகில் இருப்பது 2⁶⁴+13, அதாவது 18446744073709551629. இடையே 72 இடைவெளி, சராசரியைவிட அதிகம்தான், ஆனால் அதிசயம் இல்லை. 64 பிட்டுக்குள் அடங்க வேண்டுமென்றால் முதலாவதை எடுங்கள், இரண்டாவது அடங்காது. இவற்றைக் கையால் சரிபார்க்கச் சுருக்கு வழி எதுவும் இல்லை, கணினி வேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகப் பார்க்கும் மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்தலாம். பொதுவாக அது நிகழ்தகவுச் சோதனை என்றாலும், 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடிமானங்களாக வைத்துச் சோதித்தால் 2⁶⁴-க்குக் கீழ் எந்த எண்ணிலும் அது தவறாது என்பது நிறுவப்பட்டிருக்கிறது. இடையில் வரும் பெருக்கல்களை மட்டும் 128 பிட்டில் செய்யுங்கள். இல்லையென்றால் −1 போன இடத்துக்கே இந்தப் பகா எண்ணும் போய்ச் சேரும்.